தண்டனைக்கு ஒரு பழைய பெயர்

ஜூன் 4, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். என் வீட்டுக்காரரிடம் வேறு மாதிரி சொன்னார்: "வீட்ல இருந்தா புரொஃபசருக்கு மனசுக்கு நல்லா இருக்கும்." புராஸ்டேட்டில் ஆரம்பித்த புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏறிவிட்டது. கிளம்பும்போது அவர் டாக்டருக்குக் கை கொடுத்து அழகான ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். ஆம்புலன்ஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியபோதுதான் கத்தினார்.

முன்னறையில் கட்டிலைப் போட்டாயிற்று. புத்தக அலமாரி அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றார். அலமாரியை நகர்த்த முடியாது. கட்டிலைத் திருப்பிப் போட்டேன்.

சாயங்காலம், வீடு தேடி வந்து பார்க்கிற நர்ஸ் வந்தாள். பெயர் முத்தரசி. சங்கரன்கோவில் பக்கம். முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டரை நிறுத்தி, கைகால் கழுவி, முதலில் அவர் கையைத்தான் பிடித்தாள். மார்ஃபின் மாத்திரையை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னாள்.

"நாலு மணி நேரத்துக்கு ஒண்ணும்மா. வலி வந்த பொறவு குடுக்கக் கூடாது. வாரதுக்கு முன்னாலயே குடுத்திரணும். ரெண்டு மணின்னா ரெண்டு மணி. நீங்கதான் குடுப்பியளா, வேற ஆள் இருக்காவளா?"

"நான்தான். மக பெங்களூர்ல இருக்கா."

பிறகு அவரிடம் கேட்டாள். "சார், பெயின் இப்ப பத்துக்கு எத்தன இருக்கும்?"

"பெயின்னு நீங்க சொல்ற சொல்லு இருக்கே, அது ஆதியில வலியே கிடையாது. தண்டனை. அது எப்படி வலியாச்சுங்கிறது ஒரு பெரிய கதை."

"அப்படியா சார். பத்துக்கு எத்தன?"

"ஆறு."

எட்டு இருக்கும். அந்த முகம் எனக்குத் தெரியாதா.

ஜூன் 7, வியாழன்

கல்லூரியிலிருந்து போன். ஆகஸ்டில் வருகிற அறக்கட்டளைச் சொற்பொழிவை இந்த வருடம் அவர்தான் செய்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஒரே ஒரு சொல்லின் வரலாறு. அந்தச் சொல் பெயின். "உங்களால முடியலைன்னா வேற ஏற்பாடு பண்ணிக்கிறோம் சார்" என்று துறைத்தலைவி தயங்கினார். "நான் எழுதித் தாரேன். யாராவது படிங்க" என்று இவர் சொல்லிவிட்டார். கை நடுங்குவதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும்.

முப்பத்து மூன்று வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் நான். என் ஆங்கிலத்துக்கு அவர் வைத்த பெயர் ட்ரங்க் கால் இங்கிலீஷ். இன்றைக்கும் பெரிய சொல் வரும்போதெல்லாம், "ஸ்பெல்லிங் சொல்லட்டுமா லில்லி?" என்று நிறுத்தினார். எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள். சொல்லுங்கள் என்றேன். சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

கிரேக்கத்தில் பொய்னே என்று ஒரு சொல்லாம். ஒருவனைக் கொன்றவன், செத்தவனின் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கிற ஈடு. ரத்தத்துக்கு விலை. அது லத்தீனுக்குப் போய்த் தண்டனை ஆயிற்று. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து பெயின் ஆயிற்று.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றேன். "செத்ததுக்குச் சொந்தக்காரனே கொன்னவனா இருந்தா? ஈட்டை யாருக்குக் குடுக்கிறது?"

சிரித்தார். "நல்ல கேள்வி. உனக்கு எப்பவும் இந்த மாதிரி சில்லறைச் சந்தேகம்தான் வரும்."

ஒரு பக்கம் முடிந்தது.

ஜூன் 8, வெள்ளி

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் நாளைக்கு வருகிறானாம். மாவு அரைத்தேன். எல்லா மாத்திரையும் நேரத்துக்குக் கொடுத்தேன். வலி நாலு என்றார். நிம்மதியாகத் தூங்கினார்.

ஜூன் 12, செவ்வாய்

ஆசீர் வந்திருந்தார். இவரோடு துறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர், இவருக்கு ஜூனியர். ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். அழக்கூடாது என்று பழைய கதையெல்லாம் பேச ஆரம்பித்தார்.

"மதினி, எண்பத்தெட்டுல வைவாவுக்குத் திருவனந்தபுரத்துல இருந்து எக்ஸாமினர் வந்தாரே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நீங்க ஒரு சீலா மீன் கொழம்பு வச்சீங்க பாருங்க! போன வருசம் ஒரு கல்யாண வீட்ல அவரப் பாத்தேன். அந்தக் கொழம்பத்தான் முதல்ல கேட்டாரு."

இவர் தலையணையில் சாய்ந்தபடி புன்னகை செய்தார். "அன்னைக்கு லில்லி பிரமாதமா செஞ்சிருந்தா. எல்லாரும் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டோம்."

டீ போடுகிறேன் என்று எழுந்துவிட்டேன். சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஆசீர் அப்படியே குடித்தார்.

அவர் போன பிறகு கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். இவர் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"தலையணைய கொஞ்சம் மேல ஏத்து" என்றார்.

ஜூன் 13, புதன்

இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது, சாரல் விழும் போலிருந்தது. விழவில்லை. நல்ல காற்று. கீழே வந்து மாத்திரையைக் கொடுத்தபோது மூன்றாகிவிட்டது.

"எங்க போன லில்லி?"

"துணி எடுக்க."

துணி அதிகம் ஒன்றுமில்லை. இரண்டு வேட்டி, ஒரு துண்டு.

ஜூன் 16, சனி

இன்று நல்ல தெம்பாக இருந்தார். வகுப்பெடுப்பது போலப் பேசினார். நான் எழுதினேன்.

ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அந்தச் சொல்லுக்குத் தண்டனை என்றுதான் பொருளாம். ராஜா கொடுப்பது. அப்புறம் நரகத்தில் கொடுப்பது. அதோடு கூடவே, தண்டிக்கப்பட்டவன் உடம்பில் உணர்வதற்கும் அதுவே பெயராயிற்று. போகப்போகத் தண்டனை என்ற அர்த்தம் கழன்றுபோயிற்று, உணர்வது மட்டும் நின்றது. "இப்ப யாரும் யோசிக்கிறதே இல்ல பாத்தியா. யார் குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்க, அதெல்லாம் போயிருச்சு. வலி மட்டும் மிச்சம்." கோர்ட்டில் மட்டும் பழைய அர்த்தம் சப்பீனா என்ற சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். சொன்ன நாளில் வந்து நில், வராவிட்டால் தண்டனை.

இரண்டு மணி நெருங்கும்போது வாக்கியத்துக்கு நடுவில் நிற்க ஆரம்பித்தார்.

"மாத்திரை."

"இந்தப் பாராவ முடிச்சிருவோமே. விட்டா மறந்துரும்."

என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மேலே சொன்னார். நெற்றி முழுக்க வியர்வை. வழக்கமாக அவருக்கு வாக்கியம் ரொம்ப நீளம். இன்றைக்குக் குட்டிக் குட்டி வாக்கியமாக வந்தது. கட்டுரைக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

பாரா முடிந்து, பேனாவை மூடி, கை கழுவிவிட்டு வந்து கொடுத்தேன்.

ஜூன் 19, செவ்வாய்

பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். "இந்தப் பெயின் தண்டனை இல்ல ஐயா, சோதனை" என்றார். வடை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். கேட் சாத்தும் சத்தம் கேட்ட பிறகு இவர், "பாஸ்டருக்குச் சொல் வரலாறு தெரியல. அந்த வார்த்தைய வச்சுக்கிட்டே தண்டனை இல்லைங்கிறார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்தால் முதுகு வலிக்கிறது, நிறுத்து என்று மேலும் சிரித்தார். இப்படிச் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலம் ஆகிறது.

இன்று எல்லாம் நேரத்துக்குக் கொடுத்தேன்.

ஜூன் 22, வெள்ளி

சொல்லின் இந்தக் காலத்து அர்த்தத்துக்கு வந்துவிட்டோம். தொந்தரவு பிடித்த ஆளைக் கழுத்து வலி என்று சொல்வது நூறு வருடத்துக்கு முந்தி ஆரம்பித்த பேச்சுவழக்காம். "ராஜாவும் சாமியும் குடுத்த ஒண்ணு, கடைசியில பொண்டாட்டிக்குப் பட்டப்பேராப் போச்சு பாரு" என்றார். அதையும் எழுதச் சொன்னார், ஹாலில் சிரிப்பார்கள் என்று. எழுதினேன். அவருடைய பணி ஓய்வு விழாவில் மைக் முன்னால் என்னை அப்படித்தான் அறிமுகம் செய்தார். அன்றைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆசீர் வந்துபோனதிலிருந்து வேறு எதையும் எழுத ஓடவில்லை.

எண்பத்தெட்டு, மார்ச் மாதம். ஷீபாவுக்கு ஐந்து வயது. பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். எக்ஸாமினரும் ஆசீரும் இன்னும் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இலை போட்டுத் தண்ணீர் வைத்தேன். அடிவயிற்றில் வலது பக்கம் என்னவோ கிழிந்தது. துணி கிழிகிற மாதிரி. அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"வலி தாங்க முடியல. ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"எக்ஸாமினர் உக்காந்திருக்காரு லில்லி. இன்னிக்குப் பாத்து நடிக்காத."

சோறு போட்டேன். மீன் போட்டேன். இரண்டாம் சோறு, ரசம், பாயசம். வலி தோள்பட்டைக்கு ஏறிவிட்டது. அதென்ன, வயிற்றில் ஆரம்பித்தது தோளில் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டே காபி போட்டது ஞாபகம் இருக்கிறது. அவர் எக்ஸாமினரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது நான் அடுப்படித் தரையில் கிடந்தேன்.

பிள்ளை கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் தங்கியிருந்ததாம். குழாய் வெடித்து வயிறு முழுக்க ரத்தம். லேடி டாக்டர் அவரைச் சத்தம் போட்டார். "இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பொணத்தத்தான் கொண்டுவந்திருப்பீங்க." நான் ஸ்ட்ரெச்சரில் இருந்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. காது மட்டும் கேட்டது. அவர் சொன்னார்:

"இவ எங்கிட்ட சொல்லவே இல்ல டாக்டர்."

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தங்கவில்லை.

இன்று இரண்டு மணி மாத்திரை கொடுக்கவில்லை. மறந்துவிட்டது.

ஜூன் 25, திங்கள்

மின்சாரக் கட்டணம் கட்டிவிட்டு வந்தேன். வரிசை நீளம். அவரைப் பக்கத்து வீட்டு எஸ்தர் பார்த்துக்கொண்டாள். மாத்திரை எதுவும் கொடுக்கணுமாக்கா என்று கேட்டாள். வேண்டாம், நான் வந்து கொடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

வந்து கொடுக்கவில்லை.

ஜூன் 27, புதன்

இன்று அவர் சொல்லச் சொல்ல எழுதியது: பழைய இங்கிலாந்தில், கோர்ட்டில் நிறுத்தப்பட்டவன் குற்றம் செய்தேன் என்றும் சொல்லாமல், செய்யவில்லை என்றும் சொல்லாமல் வாய்மூடி நின்றால் அவனை மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சின்மேல் பாரம் ஏற்றுவார்களாம். கல், இரும்பு. கொஞ்சம் கொஞ்சமாக. பேசுகிற வரைக்கும், அல்லது சாகிற வரைக்கும். அந்தத் தண்டனையின் பெயரிலும் இந்தச் சொல்தான் இருக்கிறதாம், பிரெஞ்சு உச்சரிப்பில்.

அதோடு நிறுத்தினார். சுவரைப் பார்த்தபடி, "லில்லி, நீ ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கிற?" என்றார்.

"எழுதிக்கிட்டிருக்கேன்லா."

"மணி என்ன?"

கடிகாரம் அவர் தலைமாட்டில் இருக்கிறது. கட்டிலைத் திருப்பிப் போட்டதிலிருந்து அவருக்குத் தெரியாது.

"ஒண்ணரை" என்றேன். மூன்று ஆகப்போகிறது.

கொஞ்ச நேரத்தில் சத்தம் போட ஆரம்பித்தார். எஸ்தர் வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். "முதுகு வலி. அப்படித்தான் வரும், போகும்" என்று அனுப்பினேன். துணியை நனைத்து நெற்றியைத் துடைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலேயே இருந்தேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 2, திங்கள்

முத்தரசி புது மாத்திரை கொண்டுவந்தாள். பழைய டப்பாவைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். கையில் கொட்டிப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"அம்மா, இவ்வளவு மிச்சம் இருக்கக் கூடாதே."

எஸ்தர் வீட்டு ரேடியோ சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான்தான் வேண்டாம்னேன் சிஸ்டர்" என்றார் கட்டிலிலிருந்து. "மத்தியானம் அதப் போட்டா தூக்கமா வருது. கட்டுரைய முடிக்கணும். அவ எவ்வளவோ கெஞ்சுனா. நான்தான் கேக்கல. அவளத் திட்டாதீங்க."

முத்தரசி என்னைப் பார்த்தாள். "சார் சொல்லது நெசந்தானாம்மா?"

"ஆமா" என்றேன்.

ஜூலை 3, செவ்வாய்

விடியும்வரை காத்திருந்தேன். கஞ்சி கொடுத்து, முகம் துடைத்து, போர்வை மாற்றிய பிறகு கேட்டேன்.

"நேத்து எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்லணும்? என் பொண்டாட்டி தரலைன்னா?"

"எப்ப இருந்து தெரியும்?"

"துணி எடுக்கப் போனியே, அன்னைக்கே."

"கேட்டிருக்கலாம்லா."

"கேட்டா குடுத்திருப்ப." மூச்சு வாங்கினார். "நீ வாங்க வேண்டியது ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும். வாங்கிக்கிடட்டும்னு விட்டேன். பொய்னே. இப்பத் தீந்துதா?"

நான் செய்தது எதுவாக இருந்தாலும் என்னுடையது. அதையும் எடுத்து அவருடைய கட்டுரைக்குள் வைத்துவிட்டார். நேற்று நர்ஸ் முன்னால் அவர் நல்லவராகிவிட்டார். நான் அவர் தயவில் தப்பித்தவள்.

"எதுக்கு வாங்க வேண்டியது? அத உங்க வாயால சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு, "ஆசீர் சொன்னானே, அந்த விருந்து" என்றார்.

"விருந்து இல்ல."

"எனக்கு அப்ப அவ்வளவு வலின்னு தெரியாது லில்லி."

"சொன்னேன்லா."

"சொன்ன. ஆனா நீ சொல்ற விதம்... எதுக்குமே நீ சத்தம் போட மாட்ட. உப்பு தீந்துபோச்சுங்கிற மாதிரி சொன்ன. எனக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர்ட்ட, நான் சொல்லவே இல்லைன்னீங்க."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. பயந்துபோன முகம்.

"அது உனக்குக் கேட்டுச்சா?"

அவ்வளவுதான் கேட்டார். மேற்கொண்டு ஏதாவது வரும் என்று நின்றேன். ஸ்டூலில் உட்கார்ந்தும் பார்த்தேன். வரவில்லை.

இரண்டு மணிக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோனேன். விழுங்கினார். "கடைசிப் பாரா ஒண்ணு இருக்கு. எழுதுறியா?"

"இல்ல."

"பாதியில நிக்குதே."

"நிக்கட்டும்."

ஜூலை 6, வெள்ளி

மூன்று நாளாக முத்தரசி தினமும் மத்தியானம் வருகிறாள். வாரத்துக்கு ஒருமுறைதான் இந்தத் தெருவுக்கு அவள் முறை. மாத்திரையை அவளே எடுத்து, அவளே வாயில் போட்டு, விழுங்கும்வரை நிற்கிறாள். நான் கொடுக்கிற மோரைக் குடிக்கிறாள். இன்று கேட் வரைக்கும் போனேன்.

"இந்த வெயில்ல எதுக்கும்மா தினம் அலையுத? இப்பதான் நான் சரியா குடுக்கேன்லா."

ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "சார் சொன்னத நான் நம்பலம்மா. நீங்க ஆமான்னதயும் நம்பல. மேல ஆஸ்பத்திரிக்கு எழுதலாம்னுதான் நெனச்சேன். எழுதுனா சாரப் பாக்க ஆள் யாரு? மக பெங்களூர்ல. அதான் நானே வாரேன்."

நான் நன்றி என்றேன்.

"அதெல்லாம் வேண்டாம்மா" என்று வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

ஜூலை 14, சனி

மருந்தின் அளவைக் கூட்டிவிட்டார்கள். பாதி நேரம் தூக்கம். முழித்தால் வகுப்பு எடுக்கிறார், யாரோ ஒரு பையனைப் பின்பெஞ்சிலிருந்து எழுந்திருக்கச் சொல்கிறார். முத்தரசி குனிந்து, "சார், பத்துக்கு எத்தன?" என்றாள். "ஒண்ணு" என்றார். அவள் சந்தோஷமாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டாள்.

ஷீபாவுக்கு லீவு கிடைத்துவிட்டதாம். அடுத்த சனிக்கிழமை வருகிறாள்.

ஜூலை 21, சனி

காலை பத்தரைக்கு முடிந்துவிட்டது. சத்தமில்லை. வலி இல்லை. ஷீபாவின் ரயில் இன்னும் கோவில்பட்டி தாண்டவில்லை.

ஆகஸ்ட் 10, வெள்ளி

கல்லூரி ஹால் நிரம்பியிருந்தது. மேடையில் அவர் படத்துக்கு மாலை. இளம் விரிவுரையாளர் ஒருத்தி கட்டுரையைப் படித்தாள். நல்ல குரல். கழுத்து வலி வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பாரம் ஏற்றுகிற இடத்தோடு கட்டுரை நின்றது. தாள் தீர்ந்துவிட்டது என்று புரியாமல் சபை காத்திருந்தது. அப்புறம் கைதட்டல்.

துறைத்தலைவி பேசினார். பேராசிரியர் ஞானசிகாமணி இந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தத்தைச் சொல்லாமல் போய்விட்டார், அதைத் தான் சொல்வதாகச் சொன்னார். இந்தச் சொல்லையே பன்மையில் சொன்னால், பிறருக்காக ஒருவர் எடுத்துக்கொள்கிற சிரமம் என்று ஆகிவிடுமாம். "அந்த அர்த்தத்துக்கு உதாரணம் இங்க முன் வரிசையில உக்காந்திருக்காங்க" என்று என்னைக் காட்டினார். பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆசீர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார். கடைசிப் பாராவில் அவர் சொல்ல நினைத்தது இதுதானா, எனக்குத் தெரியாது. நான் எழுத மாட்டேன் என்றுவிட்டேன்.

ஷீபா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். "அப்பா வலி இல்லாமப் போனாரு. உன்னாலதாம்மா" என்று காதோரம் சொன்னாள்.

ஆகஸ்ட் 11, சனி

காலையில் அடுப்படியில் ஷீபா பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தாள். இதைப் பிரேம் போட்ட அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டாள். அப்போதுதான் சொன்னேன். மாத்திரையை முதலில் சொன்னேன். அப்புறம் எண்பத்தெட்டு. அந்த வரிசை தப்பு. மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

"எத்தன நாள் குடுக்கல?"

"சில நாள் லேட்டு. ஒரு பத்து நாள் குடுக்கவே இல்ல. மத்தியானம் மட்டும்."

"மட்டும்" என்றாள்.

பொன்னாடை கையிலேயே இருந்தது. எண்பத்தெட்டில் ஒரு வாரம் பக்கத்து வீட்டில் படுத்துத் தூங்கியது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதாம். அம்மா ஊசி போடப் போயிருக்கிறாள் என்றார்களாம். தினமும் சாயங்காலம் அப்பா வந்து முறுக்கு வாங்கிக் கொடுத்தாராம். "அந்த ஒரு வாரம்தான் அப்பா எங்கூட அவ்வளவு நேரம் இருந்தாரு. சந்தோசமா இருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

குழாயைத் திறந்து முகம் கழுவினாள். திரும்பாமலே கேட்டாள்.

"இத எதுக்கும்மா எங்கிட்ட சொன்ன?"

"எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுனாங்கல்லா. தாங்க முடியல."

"உனக்குத் தாங்க முடியலைன்னு எங்கிட்ட இறக்கி வச்சிட்ட. இப்ப நான் உனக்காக அழவா, அப்பாவுக்காக அழவா?"

கல்லில் கிடந்த தோசை கருகிப்போயிற்று. அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

ஷீபா செவ்வாய்க்கிழமைதான் போவதாக இருந்தாள். காலையில் பார்த்தால் பெட்டி கட்டியிருந்தாள். மதுரை போய் விமானம் பிடிக்கிறாளாம். இட்லி வைத்தேன். சாப்பிட்டாள். வழிக்கு வேண்டாம் என்றாள்.

வாசலில் டாக்ஸி நின்றது. டிரைவர் பெட்டியை ஏற்றினான். ஷீபா உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். பிறகு கண்ணாடியை இறக்கினாள். அழுதிருந்தாள். குரல் நிதானமாக இருந்தது.

"அம்மா, இனிமே உனக்கு எங்கயாவது வலிச்சா உடனே எனக்குப் போன் பண்ணு. நீ எப்படிச் சொன்னாலும் நம்புவேன். கிளம்பி வந்திருவேன்."

சரி என்றேன்.

"ஆனா, அதுக்கு மட்டும் பண்ணு."